எஃப்பிஐ சான்றுக்குப் பெங்களூரிலிருந்து கைரேகை அனுப்புவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அல்சூர் மல்லிகை:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது பெங்களூரில் அல்சூர் பக்கம் குடியிருக்கிறோம். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற, அதாவது பிஆருக்காக, எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற திட்டத்தில் பதிந்திருக்கிறோம். கடைசி 10 வருடத்தில் எந்த நாட்டிலாவது தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்று கேட்பார்கள். இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் பிசிசி என்கிற போலீஸ் சான்றை வாங்கிவிடலாம். கவலை எல்லாம் எஃப்பிஐ, அதாவது அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு, கொடுக்கும் சான்றைப் பற்றித்தான். பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்த கார்டைத் தபாலில் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டுமாம்.

எங்கள் பகுதி ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்தோம். "இது கேஸில் பிடிபட்டவர்களுக்கு எடுப்பது, உங்களுக்கு எதுக்கு?" என்றார் அங்கிருந்த ரைட்டர். விளக்கிச் சொன்ன பிறகு "சாஹேபரு வரட்டும், நாளெ பன்னி" என்று கன்னடத்தில் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு தனியார் ஏஜென்சிக்குப் போனோம். அங்கிருந்த பையன் விரல் நுனியை மட்டும் ஸ்டாம்ப் பேடில் தொட்டு, கட்டத்துக்கு ஒன்றாக ஒற்றி எடுத்தான். பாதி விரலில் கோடே தெரியவில்லை, வெறும் கறுப்புத் திட்டு. பணத்தை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

போலீஸ் முத்திரை இல்லாவிட்டால் எஃப்பிஐ திருப்பி அனுப்பிவிடுமா? கார்டு எந்தத் தாளில் இருக்க வேண்டும்? இன்னொன்று, என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று போட்டுக் கொடுத்தார்கள். கார்டில் பெயரை எப்படி எழுதுவது? விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டுமே என்று பதைப்பாக இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டு பறவை:

அக்கா, முதலில் அந்த 60 நாள் பயத்தை விடுங்கள். அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்போது நீங்கள் குடியிருக்கும் நாட்டின் சான்றுதான், விண்ணப்பம் போடும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முன்பு இருந்துவிட்டு வந்த நாடு என்றால், கடைசியாக அங்கே குடியிருந்து முடித்த பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். நீங்கள் அமெரிக்காவை விட்டு வந்தாயிற்று. எஃப்பிஐ சான்றை இன்றைக்கே தொடங்கி வாங்கி வைத்துக்கொள்ளலாம், அது கெட்டுப்போகாது. இந்தியப் பிசிசியைத்தான் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லால்பாக் ரோட்டிலோ மாரத்தஹள்ளியிலோ அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறது, 500 ரூபாயில் முடிகிறது என்று இந்தியப் பிசிசியை முதலில் எடுத்துவிடுகிறார்கள். எஃப்பிஐ வேலையை அழைப்பு வந்த பிறகு தொடங்கி, கார்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வழிமுறை இதுதான். எஃப்பிஐயின் இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிந்து, ஆளுக்கு 18 டாலர் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஒரு உறுதி மின்னஞ்சல் வரும். அதை அச்செடுத்துக் கைரேகைக் கார்டோடு சேர்த்து, வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் கிளார்க்ஸ்பர்க்கில் கஸ்டர் ஹாலோ ரோட்டில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இணையத்தில் பதிந்தால் பதிலும் மின்னஞ்சலில் சுட்டியாக வந்துவிடும். பதியாமல் படிவத்தைத் தாளிலேயே நிரப்பி அனுப்பினால் பதில் தபாலில் பெங்களூர் வந்து சேர வேண்டும். அந்த வம்பு வேண்டாம்.

அமெரிக்க மாநிலப் போலீஸிடம் தனியாகச் சான்று வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கனடாவுக்கு வேண்டாம், எஃப்பிஐ ஒன்றே போதும்.

கோலார் தங்கம்:

தங்கச்சி, தனியார் இடத்தில் எடுத்துக் காசைக் கரியாக்காதீங்க. இது ஒரு நாட்டின் போலீஸ் இன்னொரு நாட்டுப் போலீஸிடம் கேட்கிற விஷயம். ஸ்டேஷன் முத்திரையும் இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் இல்லாத கார்டை யார் நம்புவார்கள்? யாருடைய ரேகையையோ எடுத்து என் பெயரில் அனுப்பினால்? என் சின்ன மாமா சிங்கப்பூர் சான்றுக்குப் போட்டபோது போலீஸ் முத்திரை கண்டிப்பாக வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இன்ஃபன்ட்ரி ரோட்டில் கமிஷனர் ஆபீஸுக்கே போய் மனு கொடுத்துப் பாருங்கள். அலைச்சல்தான், ஆனால் முறையாக இருக்கும்.

ரேகைக்காரர்:

வணக்கம் அம்மா. நான் தமிழ்நாடு காவல்துறையின் விரல் ரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மகனோடு ஜெயநகரில் இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கோலார் தம்பி கேட்பது நியாயமான சந்தேகம். ஆனால் எஃப்பிஐ இந்தச் சான்றுக்குக் கேட்பது போலீஸ் முத்திரையை அல்ல, படிக்கக்கூடிய ரேகையை. அவர்கள் பயன்படுத்தும் எஃப்டி-258 கார்டில் முத்திரைக்கென்று தனிக் கட்டமே இல்லை. ரேகை கொடுத்தவர் கையெழுத்து, எடுத்தவர் கையெழுத்து, தேதி, இவ்வளவுதான். பயிற்சி உள்ள ஒருவர் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. போலீஸ் நிலையத்தில் அப்படி ஆள் இருப்பார் என்பதால் போலீஸைச் சொல்கிறார்கள். இன்னொருவர் ரேகையை அனுப்பினால் என்ன ஆகும் என்றால், நாளைக்கு கனடாக்காரர்கள் உங்கள் ரேகையையும் படத்தையும் பயோமெட்ரிக்ஸ் என்று எடுக்கும்போது அதை அமெரிக்கப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. அந்தப் பொய் நிற்காது.

ஸ்டேஷனில் தயங்குவதற்கும் காரணம் உண்டு. போலீஸ் ரேகை எடுப்பதற்கு அதிகாரம் கொடுத்தது 1920-ஆம் வருடக் கைதிகள் அடையாளச் சட்டம். அதற்குப் பதிலாக 2022-இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. இரண்டுமே கைதானவர், தண்டனை பெற்றவர் பற்றியவை. தானாக வந்து "என் ரேகையை எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்கும் குடிமகனுக்கு ரைட்டர் மேஜையில் படிவம் இருக்காது. ஆகவே வாய்வார்த்தையாகக் கேட்காமல், பாஸ்போர்ட் நகல், எஃப்பிஐ அறிவுரைத் தாளின் அச்சு, வெற்றுக் கார்டு எல்லாம் வைத்து ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள். கையில் தாள் இருந்தால் அவருக்கும் மேலதிகாரியிடம் காட்ட ஏதோ இருக்கும்.

ஆனால் அங்கே எடுத்துக் கொடுத்தாலும் சரி, தனியாரிடம் எடுத்தாலும் சரி, எப்படி எடுக்கிறார்கள் என்று நீங்கள் பார்க்க வேண்டும். முத்திரை பளிச்சென்று விழுந்து ரேகை அப்பிக்கொண்ட கார்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவற்றால் யாருக்கும் பயன் இல்லை.

ஸ்டாம்ப் பேட் கூடாது. கண்ணாடி அல்லது உலோகத் தட்டில் துளி அச்சு மை விட்டு, ரோலரால் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வியர்க்கிற கையானால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகே தொட வேண்டும். கார்டு இருக்கும் மேஜை முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். கொடுப்பவர் கையைத் தளர்த்தி விட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கட்டும். உதவி செய்கிறேன் என்று அவரும் விரலைத் திருப்பினால் இழுபட்டுவிடும்.

விரலை நகத்தின் ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரம் வரை ஒரே மூச்சில் உருட்ட வேண்டும். கட்டைவிரலை உடம்பை நோக்கி, மற்ற நாலு விரலையும் உடம்பை விட்டு வெளியே. கை கஷ்டமான நிலையில் தொடங்கிச் சுலபமான நிலையில் முடிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நுனி மட்டும் போதாது, முதல் மூட்டுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை மை பட வேண்டும். அழுத்தவே கூடாது. அழுத்தினால் மேட்டில் இருக்கும் மை பள்ளத்தில் இறங்கித் திட்டாகிவிடும். உங்கள் கார்டில் நடந்தது அதுதான்.

ஏன் ஓரம் வரை உருட்டச் சொல்கிறார்கள்? சுழி, வளையம், வில் என்று ரேகையைப் பிரிப்பதற்கு நடுப்பகுதி மட்டும் பார்த்தால் போதாது. கோடுகள் மூன்று பக்கமாகப் பிரியும் டெல்டா என்கிற புள்ளி பெரும்பாலும் விரலின் பக்கவாட்டில் இருக்கும். ஒற்றி எடுத்த ரேகையில் அது விழாது. கார்டின் கீழ் வரிசையில் நாலு விரலையும் சேர்த்து, கட்டைவிரல்களைத் தனியாக, உருட்டாமல் தட்டையாக வைப்பது வேறு காரணத்துக்கு. மேலே எந்த விரலும் இடம் மாறிப் பதியவில்லை என்று சரிபார்க்க அது உதவும்.

எடுத்து முடித்ததும் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடுகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் கார்டு நல்ல கார்டு. ஒரு விரல் மட்டும் கெட்டுப்போனால் வெள்ளைத் துண்டுச் சீட்டு ஒட்டி மேலே எடுக்கலாம். ஒரே கட்டத்தில் இரண்டுக்கு மேல் ஒட்டினால் ஏற்க மாட்டார்கள்.

அல்சூர் மல்லிகை:

ஐயா, இவ்வளவு விளக்கமாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கும்பிட்டுக்கொள்கிறேன். அந்த ஏஜென்சியில் எடுத்த கார்டு இன்னும் அங்கேயே கிடக்கிறது. சரியில்லை என்று விட்டுவிட்டு வந்தோம்.

ரேகைக்காரர்:

அதை நாளைக்கே போய் வாங்கிக் கிழித்துப் போடுங்கள் அம்மா. பத்து விரல் ரேகை, பிறந்த தேதி, பிறந்த ஊர், கையெழுத்து, சோஷியல் செக்யூரிட்டி எண், எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. கெட்டுப்போன கார்டு என்று குப்பைக்கூடையில் போடுவது எனக்கு மனசு பதறுகிற விஷயம். எங்கே எடுத்தாலும், நல்லது கெட்டது எல்லாக் கார்டையும் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். எண்களை வீட்டுக்கு வந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம், அங்கே வைத்து எழுத வேண்டியதில்லை.

மாட்டுங்கா ரயிலடி:

மும்பையிலிருந்து எழுதுகிறேன். கோலார் அண்ணன் சொன்ன சிங்கப்பூர் விஷயம் உண்மைதான், ஆனால் அதை எஃப்பிஐயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் இருந்துவிட்டு வந்தவன். சிங்கப்பூர் போலீஸ் கொடுப்பது சர்டிஃபிகேட் ஆஃப் கிளியரன்ஸ். வெளியிலிருந்து போட்டால் அவர்கள் படிவத்திலேயே ரேகை எடுக்க வேண்டும். எடுத்த அதிகாரியின் பெயர், கையெழுத்து, அலுவலக முத்திரை எல்லாம் அந்தப் படிவத்தில் விழ வேண்டும். அங்கே தனியார் கடை வேலை எடுபடாது. சிங்கப்பூர் குடிமகன் அல்லாதவர் என்றால், எந்த நாட்டு அலுவலகம் இந்தச் சான்றைக் கேட்கிறது என்பதற்குக் கடிதமோ இணையப் பக்கமோ காட்டவும் வேண்டும். இங்கே கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் கமிஷனர் அலுவலகத்தில் விசாரித்துத்தான் என் வேலையைத் தொடங்கினேன். இந்தியில் எழுதிய ஒரு பக்க மனு கையில் இருந்தது, அது பெரிய உதவி.

அப்புறம், எல்லா நாட்டுக்கும் கைரேகை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தாராவியிலும் மாட்டுங்காவிலும் நம் ஆட்கள் ஏஜெண்டுகளிடம் பணம் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கு ஏக்ரோ என்கிற அலுவலகம் சான்று கொடுக்கிறது, ரேகை கேட்பதில்லை. ஜெர்மனியும் கேட்பதில்லை. "ரேகை பேக்கேஜ்" என்று யாராவது இந்த நாடுகளுக்கும் சேர்த்து விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வளைகுடாவிலிருந்து கஷ்டப்பட்டு வந்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க ஆத்திரமாக வருகிறது.

கோலார் தங்கம்:

சரி, சிங்கப்பூர் வேறு, அமெரிக்கா வேறு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இன்னொரு கேள்வி. தனியாரில் நன்றாக எடுக்கிற இடம் எது என்று இங்கே பெயரைப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் உதவுமே? மோசமான இடத்தின் பெயரையும் போடுங்கள்.

மட்டுறுத்துநர்:

இந்த இழையில் ஏஜென்சி பெயர், தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். நல்லதோ கெட்டதோ, அப்படிப் போட்டால் நாலு நாளில் இழை விளம்பரமாகிவிடுகிறது. யாரும் தங்கள் கார்டைப் படம் பிடித்து "இது போதுமா" என்று ஏற்றவும் வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டு பறவை:

இடத்தைத் தேர்ந்தெடுக்கப் பெயர் தேவையில்லை. போனில் மூன்று கேள்வி கேளுங்கள். ரோலரும் தட்டும் இருக்கிறதா? விரலை உருட்டி எடுப்பீர்களா, ஒற்றியா? கெட்ட கார்டுக்கு மறு கார்டு இலவசமா? முதல் கேள்விக்கே தடுமாறினால் அடுத்த இடம் பாருங்கள்.

தாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கெட்டி அட்டை இருந்தால் நல்லது, ஆனால் சாதாரண வெள்ளைத் தாளில் அச்செடுத்த எஃப்டி-258 படிவத்தையும் எஃப்பிஐ ஏற்கிறது. அச்செடுக்கும்போதுதான் கவனம். படிவம் 8 அங்குலத்துக்கு 8 அங்குலம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், படிவம் 203. ஓரத்தில் இடமே இல்லை என்பதால் ஜெராக்ஸ் கடையில் "பக்கத்துக்குள் அடக்கு" என்று அழுத்திவிடுவார்கள், கட்டங்கள் சுருங்கிவிடும். அசல் அளவு, 100 சதவீதம் என்று சொல்லி நின்று எடுங்கள். அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று கார்டு எடுத்து எல்லாவற்றையும் ஒரே உறையில் அனுப்பிவிடுங்கள். ஒன்றில் மங்கலாக இருக்கும் விரல் இன்னொன்றில் தெளிவாக இருக்கலாம்.

அல்சூர் மல்லிகை:

பெயர் விஷயம் யாராவது சொல்லுங்கள். அதுதான் எனக்கு அரிக்கிறது.

ஒயிட்ஃபீல்டு பறவை:

எனக்கும் இதே கதை. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இதே கதை. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைத்துக்கொள்கிறோம், பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக விடுகிறோம். அமெரிக்க விசாவில் நம் ஒற்றைப் பெயரைத் தூக்கி சர்நேமில் வைத்துவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அடித்துவிடுகிறார்கள். ஃபர்ஸ்ட் நேம் அன்நோன் என்பதன் சுருக்கம் அது. அப்புறம் ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளச் சீட்டு, எல்லாவற்றிலும் அந்த எஃப்என்யூவே நம் பெயராகிவிடுகிறது.

இதில் நிம்மதி என்னவென்றால், எஃப்பிஐ தேடுவது ரேகையை வைத்து. நீங்கள் அங்கே எந்தப் பெயரில் இருந்தீர்கள் என்பது தேடலைக் கெடுக்காது. ஆனால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் பெயர்தான் சான்றில் அச்சாகி வரும், அதைக் கனடா அதிகாரி உங்கள் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆகவே பெயர்க் கட்டத்தில் இப்போதைய பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி. கார்டில் வேறு பெயர்களுக்கு "ஏலியஸ்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எஃப்என்யூ வடிவம், இனிஷியலை விரித்து எழுதிய வடிவம், கல்யாணத்துக்கு முந்தைய வடிவம், எல்லாம் அங்கே. இணையத்தில் பதியும்போதும் கார்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். கனடா விண்ணப்பத்தில் நான் ஒரு சின்ன விளக்கக் கடிதமும் சேர்த்தேன். தென்னிந்தியாவில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இன்ன வடிவங்கள் எல்லாம் ஒரே ஆள்தான் என்று நாலு வரி. போதுமானதாக இருந்தது.

கார்டில் இன்னும் சில கட்டங்கள் குழப்பும். உயரம் அடி, அங்குலத்தில். எடை பவுண்டில். கண் நிறம், முடி நிறம் மூன்று எழுத்துச் சுருக்கத்தில். "ரேஸ்" என்று ஒரு கட்டம் வரும், அங்கே இந்தியர் என்று நினைத்து "ஐ" போட்டுவிடாதீர்கள். அவர்கள் குறியீட்டில் அது அமெரிக்கப் பழங்குடியினருக்கு. நமக்கு "ஏ", ஆசியர்.

இரு நாட்டுக்காரி:

நான் அமெரிக்கக் குடிமகள், ஓசிஐ என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்துக்கொண்டு பெங்களூரில் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பள்ளியில் எஃப்பிஐ சான்று கேட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எஃப்பிஐ அங்கீகரித்த "சேனலர்" நிறுவனங்கள் கார்டை வாங்கி விரைவாக முடித்துக் கொடுக்கும். ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். எச்1பி வேலை விசாவில் இருந்துவிட்டு வந்தவர்கள் சேனலருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஆர்.கே.புரம் வேப்பமரம்:

டெல்லியிலிருந்து. எனக்கு நேர் எதிர்ப் பக்கம். கனடாவில் படித்து வேலை பார்த்துவிட்டு டெல்லியில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். கணவர் அமெரிக்கக் குடிமகன் என்பதால் குடியேற்ற விசாவுக்குப் போட்டிருக்கிறோம். 16 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த நாட்டின் சான்று என்று கேட்டதால் கனடாச் சான்று தேவைப்பட்டது.

கனடாவின் மத்தியப் போலீஸான ஆர்சிஎம்பி, மையில் எடுத்த தாள் கார்டை நேரே ஏற்பதில்லை. இங்கே போலீஸில் ரேகை எடுத்து, ஆர்சிஎம்பி அங்கீகரித்த கனடா நிறுவனம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கார்டை ஸ்கேன் செய்து மின்னணு முறையில் ஆர்சிஎம்பிக்குச் சேர்ப்பார்கள். ஆர்சிஎம்பி கட்டணம் 25 கனடா டாலர், அந்த நிறுவனத்தின் கூலி தனி. எடுத்த போலீஸ் அலுவலகத்தின் பெயரும் முகவரியும் அதிகாரி கையெழுத்தும் படிவத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்கள்.

சாணக்கியபுரியில் தூதரகம் தூதரகமாகப் போய் நிற்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் இருப்பதால் எல்லாத் தூதரகமும் பக்கத்தில் இருக்கிறது, போய்க் கேட்டால் முடித்துக் கொடுப்பார்கள் என்று உறவினர்கள் சொல்வார்கள். ரேகை எடுக்கும் வேலை உள்ளூர்ப் போலீஸிடம்தான் வந்து நிற்கும்.

எங்கள் பகுதி ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி அவ்வளவு பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். சுண்டு விரல் சரியாக விழவில்லை என்று அவரே சொல்லிப் புதுக் கார்டு எடுத்தார். ஸ்டேஷன் என்றாலே பயந்துகொண்டு ஒதுங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரேகைக்காரர்:

அந்த அதிகாரியைப் பற்றிப் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது மகளே. இந்த வேலையில் இந்தியாவுக்குப் பழைய பெருமை உண்டு. வங்காளத்தில் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்கிற அதிகாரி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கைப்பதிவு வாங்கியது 1858-இல். உலகத்தின் முதல் விரல் ரேகைக் கூடங்களில் ஒன்று கல்கத்தாவில் 1897-இல் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் அது வந்ததே 1901-இல்தான். ரேகைகளை வகைபிரிக்கும் முறைக்கு, அப்போது வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த முறையை உண்மையில் கணக்குப் போட்டு உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது. இதை எங்கள் பயிற்சிக் காலத்தில் சொல்லிக் கொடுத்தபோது எனக்குள் ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பத்து விரலைச் சரியாக உருட்டிக் கொடுக்க ஆள் இல்லை என்று அனுப்புவது எனக்கு வருத்தம்.

அல்சூர் மல்லிகை:

எல்லாருக்கும் ஒரு தகவல். ஐயா சொன்னபடி மனுவும் அச்சும் வைத்து ஸ்டேஷனில் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னார், ஆனால் அங்கே இருந்ததும் ஸ்டாம்ப் பேட்தான். அதனால் வேறு ஒரு இடத்தில் ரோலர் வைத்து எடுத்தோம். எடுத்த அம்மா என் தோள் அருகில் நின்று, "கையை என்னிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் ஜன்னலைப் பாருங்கள்" என்றார். மோதிர விரல் மட்டும் கொஞ்சம் மங்கல், அதை இரண்டாவது கார்டில் நன்றாக எடுத்துவிட்டார். பழைய கார்டையும் வாங்கிக் கிழித்தாயிற்று. கூரியரில் அனுப்பி, போய்ச் சேர்ந்த பிறகு சில வேலை நாட்களிலேயே எனக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. கொடுத்த ரேகையை வைத்துத் தேடியதில் கைது விவரம் எதுவும் இல்லை என்று ஒரு வரி. பாஸ்போர்ட் பெயரிலேயே வந்திருக்கிறது. வீட்டுக்காரருடையது இன்னும் வரவில்லை, இரண்டும் ஒரே உறையில்தான் போனது.

ஒயிட்ஃபீல்டு பறவை:

வந்துவிடும். ஆளுக்கு ஒரு விண்ணப்பம் என்பதால் ஒரே உறையில் போனாலும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். அவருடைய உறுதி மின்னஞ்சலின் அச்சு அவர் கார்டோடு இருந்தது இல்லையா? அப்படியானால் கவலை இல்லை. உங்களுக்கு வந்த பிடிஎஃப்பை உடனே இறக்கி இரண்டு மூன்று இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலார் தங்கம்:

தங்கச்சிக்கு வாழ்த்து. முத்திரை இல்லாமல் வராது என்று நான் சொன்னது தவறாகப் போனதில் சந்தோஷம்தான். ரேகைக்காரர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் அத்தைக்கு 70 வயது தாண்டிவிட்டது. மகனோடு அமெரிக்காவில் சில வருடம் இருந்தவர், இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளோடு போய்ச் சேர வேண்டும். கடைசி 10 வருடத்தில் மொத்தம் 12 மாதம் இருந்த நாட்டுக்கெல்லாம் சான்று கேட்கிறார்கள், எஃப்பிஐயும் அதில் வருகிறது. வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த கை. ஆதார் மெஷினிலேயே சில சமயம் விழுவதில்லை.

ரேகைக்காரர்:

கண்டிப்பாக எடுக்கலாம் தம்பி. ரேகை அழிந்துவிடவில்லை, மேடு தேய்ந்து தாழ்ந்திருக்கிறது. தோலின் மேல்பக்கம் தேய்ந்தாலும் கீழடுக்கில் அமைப்பு அப்படியே இருக்கும், ஓய்வு கொடுத்தால் ஓரளவு எழும்பி வரும். எடுப்பதற்கு முன் இரண்டு வாரமாவது சோப்புப் பவுடர், பினாயில், சுண்ணாம்பு எதிலும் அத்தை கை படக்கூடாது. தினமும் ராத்திரி படுக்கும்முன் தேங்காய் எண்ணெயோ கை கிரீமோ தடவட்டும். எடுக்கிற அன்றைக்கு மட்டும் எதுவும் தடவக்கூடாது, எண்ணெய்ப் பசை இருந்தால் மை பிடிக்காது.

எடுப்பவரிடம் மையை வழக்கத்தைவிடக் குறைவாக, அழுத்தத்தை இன்னும் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்குச் சற்று முன் விரலை அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக நீவிவிட்டால் ரத்தம் வந்து மேடு கொஞ்சம் எழும்பும். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். விரலே இல்லாமல் இருந்தால் அந்தக் கட்டத்தைச் சும்மா விடாமல் காரணத்தை எழுத வேண்டும். புற்றுநோய்க்கு கேப்சிடாபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகை மங்கிப்போவது உண்டு, அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு இரண்டு கார்டு போதாது, கூடுதலாக எடுங்கள், ஒவ்வொன்றிலும் சில விரலாவது நன்றாக விழும். ஜெயநகர் பக்கம் கூட்டி வர முடிந்தால் அனுப்பும்முன் கார்டுகளை நானே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். தனிச்செய்தியில் எழுதுங்கள். அதுவரை வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.